செவ்வாய்ப்பேட்டை ராத்திரிகள்

ஜூலை 22
சேலம் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டு. வெளியே மேளச் சத்தம். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கிரியேட்டினின், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு, 5.2.

ஜூலை 24
ராத்திரியில் வார்டுக்குள் ஒருத்தருக்குத்தான் அனுமதி. அண்ணன் உள்ளே. "நீ போய்ப் படுடா" என்றார். எங்கே படுப்பது? நடந்தேன். கால் தானாகச் செவ்வாய்ப்பேட்டைக்கே போனது. லீ பஜாரைத் தாண்டி உள்சந்துக்குள் திரும்பியதும் தட்டும் சத்தம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் விளக்கு எரிகிறது! ஏற்காட்டுக்கு வருகிற கூட்டம் கோரிமேட்டைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே போய்விடுகிறது. சேலம் என்றால் அவர்களுக்குப் பஸ் மாறும் இடம். இந்தச் சந்துகளில் ராத்திரி ஓடும் உயிர் யாருக்குத் தெரியும்?

ஜூலை 25
5.6. கால் வீக்கம் வடியவில்லை.

ஜூலை 28
இன்றும் அதே சந்து. அப்பா உட்கார்ந்து கொலுசுக்குத் தீ ஊதிய மூலையில் வேறொருவர் இருக்கிறார். வயதான பெரியவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். "அவரு சின்னப் பையன்தானே தம்பி? உள்ள வா."

கட்டிவெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, வளையம் வளையமாகக் கோத்து, பற்றவைக்கும் பொடி வைத்துத் தீயை ஊதி, சலங்கை சேர்த்து, மெருகு போட்டு. இதெல்லாம் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. ஒரு வீட்டில் கம்பி, அடுத்த வீட்டில் ஊதுவது, தெருமுனையில் மெருகு. ஒரு கொலுசு யாரோ ஒரு பெண்ணின் காலுக்குப் போகும் முன் இந்தச் சந்து முழுக்க நடந்துவிடுகிறது.

முன்பெல்லாம் தீபாவளிக்கு முந்தின வாரங்களில் இங்கே யாரும் தூங்கமாட்டார்களாம். இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்கள் டீக்கடையில் நிற்பார்கள், ரேடியோ பாடும், விடிய விடிய ஊதுவார்கள். இப்போது பாதிப் பட்டறை ஒன்பது மணிக்கே பூட்டிக் கிடக்கிறது. வெள்ளி விலை ஏறிக்கொண்டே போகிறது அல்லவா, உங்களுக்கு நல்லதுதானே என்று கேட்டேன். "விலை ஏறினா கூலியா ஏறும்? வெள்ளிக்கட்டி குடுக்கறவங்க குறைச்சுத்தான் குடுப்பாங்க."

அப்பாவுக்கும் அந்த ஊதுகிற புகைதான் உள்ளே போயிருக்குமோ? இதையே நினைத்துக்கொண்டு கோட்டை வரை வந்தேன். டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஜூலை 29
கேட்டேன். சர்க்கரையும் பிரஷரும்தான் காரணமாம். மனசு ஒப்பவில்லை.

ஆகஸ்ட் 1
அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலே காரச் சட்னி, பச்சைச் சட்னி. கண்டிப்பாகக் கூடாது என்றார் டாக்டர், உப்பு. சரி. ஆனால் வேலை முடிந்து வரும்போது எங்களுக்கு அதைப் பொட்டலம் கட்டி வந்த மனுஷன் அவர். இன்று கடையைத் தாண்டும்போது நிற்கவே முடியவில்லை.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. சோறு இறங்கவில்லை, அவருக்கும் எனக்கும்.

ஆகஸ்ட் 7
குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை. நெரிசலில் மூச்சு முட்டியது. வண்டி வண்டியாகச் சிவன், காளி, முருகன். எல்லாம் நம் தெரு ஆட்கள், கிரீடமும் சாயமும் போட்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு முருகன் கண்ணில் வேர்வை இறங்கியும் துடைக்கவில்லை. எவ்வளவு பெரிய பக்தி அது. அப்பாவுக்காக வீடியோ எடுத்தேன். கால் வலிக்க நின்று எடுத்தேன்.

ஆகஸ்ட் 8
வீடியோ பார்த்தார். "ராமர் வண்டி வரலையா?" என்றார், தெளிவாக. நேற்றைய ரிப்போர்ட் 4.9. பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் வருகிறாராம், அண்ணன் கூப்பிடுகிறார்.