அட்ஜெக்டிவ் எங்கே உட்கார வேண்டும்?

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எப்படிப்பட்டது என்று சொல்வது அட்ஜெக்டிவ், அதாவது பெயரடை. ஒருமை, பன்மை பார்த்து உருவம் மாறாது: 'ரெட் கார்', 'ரெட் கார்ஸ்'. இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் எல்லாம் அதை எங்கே வைப்பது என்பதில்தான்.

பெயருக்கு முன்னால் வைக்கலாம்: 'எ டயர்ட் சைல்ட்'. 'இஸ்', 'வாஸ்' போன்றவற்றுக்குப் பின்னாலும் வைக்கலாம்: 'த சைல்ட் இஸ் டயர்ட்'. ஆனால் 'அஸ்லீப்', 'அலைவ்', 'அஃப்ரெய்ட்' ஆகியவை முன்னால் வராது. 'அன் அஸ்லீப் சைல்ட்' தப்பு. 'எ ஸ்லீப்பிங் சைல்ட்' என்க. 'மெயின்' இதற்கு நேர்மாறு: 'த மெயின் ரீசன்' உண்டு, 'த ரீசன் இஸ் மெயின்' கிடையாது. 'சம்திங்', 'நத்திங்' வந்தால் அடை பின்னால் போய்விடும்: 'சம்திங் நியூ'.

நன்றாகப் படித்தவர்களும் சறுக்கும் இடம் 'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்'. வினைக்குப் பின் அட்வெர்ப், அதாவது வினையடைதானே என்று 'த சூப் ஸ்மெல்ஸ் நைஸ்லி' என எழுதிவிடுகிறார்கள். 'நைஸ்' என்பதே சரி, ஏனென்றால் அது சூப்பைப் பற்றிய சொல், முகரும் செயலைப் பற்றியதல்ல. சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'த சூப் இஸ் நைஸ்' நிற்கிறது, ஆகவே அட்ஜெக்டிவ். 'ஷி லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்' என்பதில் 'லுக்ட்' பார்த்த செயல். அங்கே 'வாஸ்' போட்டால் வாக்கியம் விழுந்துவிடும், அதனால் அட்வெர்ப்.

பல அடைகள் சேர்ந்தால் வழக்கமான வரிசை: கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள், பயன். எட்டையும் மனப்பாடம் செய்வது வீண் வேலை. ஒரே பெயருக்கு மூன்றைத் தாண்டுவதே அபூர்வம். மாறாத இயல்பு பெயரை ஒட்டி நிற்கும், நம் அபிப்பிராயம் தள்ளி நிற்கும் என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் போதும்: 'எ லவ்லி ஓல்ட் உடன் பாக்ஸ்' (அழகான பழைய மரப்பெட்டி). 'எ உடன் லவ்லி பாக்ஸ்' காதில் இடறும்.

'எ ஃபைவ் இயர் ஓல்ட் பாய்' என்பதில் 'இயர்ஸ்' வராது. எழுதும்போது மூன்று சொற்களுக்கும் நடுவில் சிறுகோடு உண்டு. பெயருக்குப் பின்னால் போனால் 'ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்', கோடு வேண்டாம்.

'டால்' (உயரமான) என்பதை வைத்து ஒப்பிடும்போது 'மோர் டாலர்' என இரட்டிப்பாக்காதீர்கள், 'டாலர்' போதும். 'சுப்பீரியர்', 'ஜூனியர்' இரண்டுக்கும் பின்னால், 'விட' என்ற பொருளில் வருவது 'தேன்' அல்ல, 'டு'.