காசபிளாங்காவில பின்னுக்கு நிக்கிற சனத்தைப் பாருங்கோ

போன கிழமை எங்கட சனசமூக நிலையத்தில காசபிளாங்கா படம் போட்டனாங்கள். 1942ல வந்த கறுப்பு வெள்ளைப் படம், சுவரில வெள்ளைச் சீலை கட்டி புரொஜெக்டரில ஓட்டினது. பெடியள்தான் வருவாங்கள் எண்டு பாத்தா அம்மம்மாமார் எல்லாம் வந்து முன் கதிரையில இருந்திட்டினம்.

இதைக் காதல் படம் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். எனக்கு இது ரெண்டாம் உலகப்போரில நாசியளிட்ட இருந்து தப்பி, மொரோக்கோவில இருக்கிற காசபிளாங்காவில விசாவுக்குக் காத்துக்கிடக்கிற சனத்தின்ர படம். தொடங்கேக்கயே மெப் வருது, பாரிசில இருந்து மார்செய், கடலால ஓரான், பிறகு காசபிளாங்கா, அங்க எக்சிட் விசா கிடைச்சா லிஸ்பன், அங்கயிருந்து அமெரிக்கா. அதைப் பாத்த உடன ஒரு ஐயா எழும்பி, 80களில கிழக்கு பேர்லினில பிளேனால இறங்கி ரெயின் ஏறி மேற்குப் பக்கம் போன தன்ர கதையைச் சொல்லத் தொடங்கிட்டார், படத்தைக் கொஞ்சம் நிப்பாட்டித்தான் கேட்டனாங்கள்.

பேர் போட்ட நடிகரில அமெரிக்காவில பிறந்தவை மூண்டே மூண்டு பேர். டைரக்டர் மைக்கேல் கேர்டிஸ் ஹங்கேரிக்காரர். நாசி மேஜரா வாற கொன்ராட் ஃபைட், மனிசி யூதப் பெண் எண்டதால 1933ல ஜேர்மனியை விட்டு வெளிக்கிட்ட ஆள், கடைசியில அவருக்குக் கிடைச்சது நாசி வேஷம். வெயிற்றர் கார்ல் எண்டு வாற சகாலின்ர மூண்டு சகோதரிமார் நாசிக் காம்பில செத்துப்போச்சினம்.

எனக்கு நெஞ்சை அடைச்ச இடம் அந்த பல்கேரியச் சோடி. விசாவுக்குக் காசில்லை, பொலிஸ் அதிகாரி அந்தப் பிள்ளையிட்டக் கேக்கிறது வேற. போற வழியில எங்கட பெண் பிள்ளையளுக்கு என்னென்ன நடந்தது எண்டு தெரிஞ்ச ஊர் இது, அந்த இடத்தில ஒருத்தரும் கதைக்கேல்ல. பிறகு கதாநாயகன், கபே முதலாளி ரிக் சொல்லி சூதாட்ட மேசையில 22ஆம் நம்பர் விழுது, புருசன்காரன் வெல்லுறான். அந்தப் புருசனா நடிச்ச ஹெல்முட் டான்டின் ஒஸ்ரியாவில நாசியளிட்டப் பிடிபட்டு உள்ளுக்க இருந்த பெடியன். 22ஐ விழுத்திக் குடுக்கிற மேசைக்காரனா வாற மார்சல் டாலியோ பாரிசில இருந்து ஓடின யூதர், அவரும் மனிசி மட்லின் லெபோவும் லிஸ்பனில சிலி விசா எடுத்துக் கப்பலேறி மெக்சிகோவில வந்துதான் அது கள்ள விசா எண்டு தெரிஞ்சது. ஏஜென்சிக்குக் காசு கட்டி இடைவழியில மாட்டுப்பட்ட ஆக்கள் இல்லாத ஒழுங்கை இஞ்ச இருக்கோ? ஜேர்மன்காரற்ற பாட்டை அமத்திக்கொண்டு பிரெஞ்சு தேசிய கீதம் எழும்பேக்க அழுதழுது பாடுறது அதே லெபோதான், அந்த அழுகையை நடிப்பெண்டு என்னால நினைக்க ஏலாது.

ஆனா ஒண்டு, ஆற்ற பேரும் இல்லாத, ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாத, வெளிக்கிட விடுற பேப்பர் எண்டு படத்தில எல்லாரும் தேடுற அந்த ரான்சிட் கடிதம் சுத்தக் கற்பனை. அப்பிடியொரு பேப்பர் ஒருநாளும் இருக்கேல்ல. இடைவழியில மாட்டுப்பட்டு இருந்து பாத்த ஆக்கள் அதை உடன பிடிச்சிட்டினம்.

இங்கிலீஷ் சப்டைட்டில் கன பேருக்கு ஓடிப் பிடிக்க ஏலாமப் போச்சு, இடைக்கிடை நிப்பாட்டி நான்தான் விளங்கப்படுத்தினது. திரும்ப ஒருக்காப் போடச் சொல்லிக் கேக்கினம், அதுக்கு முதல் தமிழில சப்டைட்டில் செய்ய வேணும். எங்கட பேச்சுத் தமிழில எழுதித் தரக்கூடிய ஆக்கள் இருந்தா வாங்கோ, சேந்து செய்வம்.