ஓரத்தில் நான்கு விரல்கள்

பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து சீர்படுத்துவது என் வேலை. வருகிறவற்றில் ஸ்டூடியோவில் எடுத்த குழந்தைப் படங்கள் நிறைய. ஆரம்பத்தில் படத்தை நான் பார்த்ததே இல்லை. கீறலையும் பூஞ்சையையும்தான் பார்ப்பேன்.

ஒரு நாள் உள்ளங்கை அளவு அட்டைப் படம் ஒன்று வந்தது. நீளமான வெள்ளை அங்கியில் குழந்தை. பின்னால் பூப்போட்ட துணி போர்த்திய நாற்காலி. இடுப்பருகே ஏதோ கறை. அழிப்பதற்காகப் பெரிதாக்கினேன். நான்கு விரல்கள். நாற்காலியின் கைப்பிடி என்று நினைத்தது முழங்கை. துணிக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

1851இல் வந்தது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுப்பது. அதில் ஸ்டூடியோ வெளிச்சத்துக்குச் சில நொடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களின் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். கைக்குழந்தையை எதில் பொருத்துவது? அம்மாவோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணோ துணிக்குள் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். படத்தில் குழந்தை மட்டும் தெரிய வேண்டும். ஏனென்றால் அந்தப் படம் ஒரு சேதி. 1854இல் பாரிஸில் டிஸ்டெரி என்ற புகைப்படக்காரர் ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, பிரதிகள் மலிந்து உறவினர்களுக்கெல்லாம் போயின. பிறந்த குழந்தைகளில் பலர் ஒரு வயதைத் தாண்டாத காலம் அது. சில படங்களின் பின்பக்கத்தில் 'ஏழு மாதம், நான்கு நாள்' என்று நாள் கணக்கோடு எழுதியிருப்பார்கள். அந்த நான்கு நாளையும் விட மனம் வரவில்லை அவர்களுக்கு.

சில படங்களில் குழந்தையின் கை அசைந்து கலங்கியிருக்கும். அதைத் தெளிவாக்கித் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். அதில் கை வைக்க எனக்கு மனம் வராது. இறந்த குழந்தையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் அன்று இருந்தது. பல வீடுகளில் அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே படம் அதுதான். அசைவே இல்லாததால் உடையின் மடிப்புகூடப் படத்தில் துல்லியமாக விழுந்திருக்கும். தூங்கும் குழந்தையும் அப்படித்தான் விழும், வெறும் படத்தை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் கலங்கிய கை, அந்த நொடியில் பிள்ளை கையை ஆட்டியதன் தடம்.

விரல்களை எடுத்துவிடச் சொன்னால், பெரிதாக்கிக் காட்டிவிட்டுத்தான் இப்போது கேட்கிறேன். "அட, அங்கே ஆள் இருக்கா?" என்று சிலர் அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்கள். எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன். ஆனால் விரல்களோடு உள்ள கோப்பையும், பின்பக்க எழுத்தின் ஸ்கேனையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறேன்.