அந்த அக்கா வேண்டாம் என்று சொன்ன பிறகு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ‘யு’ சான்று பெற்ற படம் என்ற ஒரே காரணத்தை நம்பி, குடும்பமாக உட்கார்ந்து ஒரு தமிழ்ப் படம் பார்த்தோம். படத்தில் முத்தக் காட்சி இல்லை, குடி இல்லை, இரத்தம் இல்லை. கதாநாயகன் ஒரு பெண்ணைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அவள் வீட்டுத் தெருமுனை வரை நாள்தோறும் பின்தொடர்கிறான், அவள் வேண்டாம் என்கிறாள், நண்பர்கள் சிரிக்கிறார்கள், பாட்டு வருகிறது, பாட்டு முடியும்போது அவளும் சிரித்துவிடுகிறாள். எட்டு வயது மகன் என் பக்கம் திரும்பி, “அந்த அக்காதான் வேண்டாம்னு சொல்லிட்டாங்களேப்பா, அப்புறமும் ஏன் பின்னாடியே போறாரு?” என்று கேட்டான். பதின்மூன்று வயது மகளுக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. அவள் சோபாவின் கைப்பிடியில் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவனுடைய கேள்வியைவிட அவளுடைய தாளமே எனக்கு அதிகக் கவலையைத் தந்தது.

எங்கள் தாத்தா காலத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு கேள்வி எழ வழியே இல்லை. சினிமா பாவம், விசுவாசி கொட்டகை வாசலை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான். “தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்” என்ற 101-ஆம் சங்கீதத்தின் வரியை அவர்கள் எழுத்துக்கு எழுத்து வாழ்ந்தார்கள். அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் கொட்டகையே பிள்ளையின் உள்ளங்கைக்கு வந்துவிட்ட நாளில், வாசலை அடைப்பது மட்டும் பெற்றோரின் கடமையாக இருக்க முடியாது. பார்க்கிறதைச் சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் நம்முடைய வேலையாகிவிட்டது.

அரசின் சான்று ஓரளவு உதவும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ‘யு/ஏ’ என்று ஒன்றாக இருந்த வகை 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரிந்திருக்கிறது. ஓடிடி தளங்களும் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி தாங்களே வயது வகை குறித்து, 13 வயது வகையிலிருந்து மேலுள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு தர வேண்டும். இரவு எட்டு மணித் தொடர்களுக்கோ தணிக்கை வாரியத்தின் முன்சான்று எதுவும் கிடையாது. பூட்டைப் போடுங்கள், சான்றைப் பாருங்கள். ஆனால் பின்தொடர்வதைக் காதல் என்று சொல்லித்தரும் ஒரு கதை ‘யு’ சான்றோடு வீட்டுக்குள் வர முடியும் என்பதையும் மறவாதீர்கள்.

நானும் என் மனைவியும் பல ஆண்டுகள் எண்ணிக்கை பார்த்தே படங்களை எடைபோட்டோம்: எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை அடிதடி, எத்தனை அரைகுறை ஆடை. அந்த அளவுகோலை வைத்தால் வேதாகமத்தின் இரண்டாம் சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் வாசிக்கவே முடியாது. தாவீது ராஜா பத்சேபாளோடு செய்த விபசாரம், வஞ்சகம், அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிடும் சதி என எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் பத்சேபாளின் அழகை ஒரே சொற்றொடரில் சொல்லிவிட்டு நகரும் அந்த அதிகாரம், தாவீதின் இச்சையை நாமும் சுவைக்கும்படி எங்கும் நிற்பதில்லை. “தாவீது செய்த இந்தக் காரியம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது” என்று முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் தீர்க்கதரிசி நாத்தான் வருகிறார். அவர் ராஜாவுக்குப் பிரசங்கம் செய்யவில்லை, ஒரு கதை சொல்கிறார். ஏழையின் மடியில் மகளைப்போல் படுத்திருந்த ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பறித்துக்கொண்டதைக் கேட்டதும் தாவீது கொதித்தெழுகிறான். தன் குற்றத்தைப் பற்றிக் கூசாத மனம், கதையில் வந்த ஏழையின் பக்கம் போய் நின்றுவிடுகிறது. அதன் பிறகே “நீயே அந்த மனுஷன்” என்ற சொல் விழுகிறது.

ஆகையால் இப்போது எங்கள் வீட்டில் முதலில் கேட்பது, இந்தக் கதை என்னை யார் பக்கம் நிறுத்துகிறது, யாருடைய வலியை நான் காணாதபடி செய்கிறது என்பதையே. இந்தக் கேள்வியோடு பார்த்தால், நாம் பாதுகாப்பானது என்று நினைத்த நகைச்சுவைக் காட்சிகளே முதலில் பிடிபடுகின்றன. கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் கேலி செய்யும் வசனத்துக்கு வீடே சிரிக்கிறது. தேவசாயலில் படைக்கப்பட்ட ஒருவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. என் மகன் அப்படி ஒரு வசனத்தைத் தன் வகுப்புத் தோழனிடம் சொல்லிவிட்டு வந்த நாளில் நான் உண்மையிலேயே வெட்கப்பட்டேன், ஏனென்றால் அந்த வசனத்துக்கு முதலில் சிரித்தவன் நான்.

‘கிறிஸ்தவப் படம்’ என்ற பெயரும் போதாது. 2004-இல் வந்த, இயேசுவின் பாடுகளைக் காட்டும் ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ அமெரிக்காவில் 17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாத ‘ஆர்’ வகையைப் பெற்ற படம். அதை ஒரு பெரிய வெள்ளியன்று ஒரு சபையில் ஓய்வுநாள் பள்ளிச் சிறுவர்களுக்குத் திரையிட்டார்கள். என் மகள் அப்போது மிகச் சிறியவள்; சவுக்கடியின் சத்தத்தைச் சொல்லிச் சொல்லி இரண்டு இரவு தூங்காமல் அழுதாள். அது பெரியவர்களை நொறுக்கி ஜெபிக்க வைக்கக்கூடிய படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் ஆறு வயதுக்கு அது உகந்ததல்ல.

அந்தச் சனிக்கிழமை படத்தை நாங்கள் நிறுத்திவிட்டு மகனின் கேள்வியை எடுத்துக்கொண்டோம். “கடைசியில அவளுக்கும் பிடிச்சுதானே போச்சு” என்றாள் மகள். அவளுக்குப் பிடிக்கும்படி எழுதியவர் கதாசிரியர், நிஜமான பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு அப்படி யாரும் எழுதித் தருவதில்லை என்றேன். மகள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, டியூஷன் விட்டு வரும்போது ஓர் அண்ணன் சைக்கிளில் தன் தோழியின் பின்னாலேயே வருவதாகவும், அதைப் பெருமை என்றே தாங்கள் இருவரும் நினைத்திருந்ததாகவும், ஆனால் இப்போது தோழி வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவதாகவும் மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் என் மனைவி அந்தத் தோழியின் தாயாரைப் பார்த்துப் பேசினாள்.