மூன்றாம் எண் கிணறு

கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டனுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 2013-இல் நானும் மச்சானும் சேர்ந்து ஒரு முனை மனை வாங்கினோம். இட்லி மாவு அரைத்து விற்கும் கடை போடலாம் என்று எண்ணம். அக்கம்பக்கத்து மனைகளின் விலையில் பாதிகூட இல்லை. அங்கே ஒரு காலத்தில் பெட்ரோல் பங்க் இருந்ததாம். டாங்குகளை 1998-லேயே தோண்டி எடுத்தாயிற்று, மிச்சம் இருப்பது கொஞ்சம் பேப்பர் வேலைதான் என்றார் தரகர். அந்தப் பேப்பர் வேலை முடிய ஐந்து வருஷம் ஆயிற்று.

1998-க்கு ஒரு காரணம் உண்டு. பழைய நிலத்தடி டாங்குகளை அரிக்காமலும் வழியாமலும் இருக்கும்படி மாற்று, இல்லையென்றால் மூடு என்று அமெரிக்க மத்திய அரசு வைத்த கெடு அந்த வருஷம் டிசம்பர் 22. செலவு தாங்காமல் சின்ன பங்க்குகள் ஏராளமாக மூடின. எங்களுக்கு விற்ற பெரியவருடையதும் அதில் ஒன்று. டாங்கைத் தூக்கியபோது அடிமண்ணில் பெட்ரோல் ஊறிக் கிடந்தது. கேஸ் பதிவானது. பிறகு பதினைந்து வருஷம் ஆமை வேகம்.

இதெல்லாம் மாநில நீர் வாரியத்தின் ஜியோட்ராக்கர் தளத்தில் முகவரியைத் தட்டினால் காசில்லாமல் கிடைக்கும். நாங்கள் தட்டியது பத்திரம் முடிந்த மூன்றாவது வாரம்! கடன் வாங்கியிருந்தால் வங்கியே நிலத்தின் பூர்வீகத்தைத் துருவியிருக்கும். ரொக்கமாக வாங்குகிறோம் என்ற பெருமை எங்களுக்கு. இங்கே கசிய விட்டவர் மட்டுமல்ல, நிலத்தின் இன்றைய சொந்தக்காரரும் பொறுப்பாளி என்று கவுண்டியிலிருந்து (நம்மூர் மாவட்ட நிர்வாகம் போல) கடிதம் வந்தபோது மச்சான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு நல்ல காலம், பெரியவர் டாங்குக்கான பெர்மிட்டெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தவர். அதனால் மாநிலத்தின் துப்புரவு நிதியில் அவருடைய மனு ஏற்கப்பட்டிருந்தது. டாங்க் வைத்திருப்பவர்கள் காலனுக்கு இவ்வளவு என்று கட்டும் தொகையிலிருந்து வரும் நிதி அது. சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். மூன்று பேரிடம் விலை கேட்டு, முன்கூட்டியே அனுமதி வாங்கி, வேலையை முடித்து, ரசீதோடு கேட்க வேண்டும். அந்த நிதி எங்கள் மனையின் வேலைக்குக் கிடைக்கும்படி, வக்கீல் சொற்படி பெரியவரோடு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். அந்த ஒரு தாள் இல்லையென்றால் இன்றைக்கு மாவும் இல்லை, கடையும் இல்லை.

மனையில் நிலத்தடி நீரைச் சோதிக்க ஐந்து கண்காணிப்புக் கிணறுகள் இருந்தன. கிணறு என்றதும் துலாவையோ கமலையையோ நினைக்க வேண்டாம். இரண்டு அங்குல பிளாஸ்டிக் குழாய், மேலே இரும்பு மூடி, அவ்வளவுதான். பழைய டாங்குக் குழிக்குப் பக்கத்தில் இருந்த மூன்றாம் எண்தான் வில்லன். கடைசியாக எடுத்த மாதிரியில் பென்சீன் (பெட்ரோலில் இருக்கும், புற்றுநோய் தரக்கூடிய சேர்மம்) 4,100 பிபிபி, அதாவது லிட்டருக்கு 4,100 மைக்ரோகிராம். குடிநீரில் கலிஃபோர்னியா அனுமதிப்பது ஒன்றே ஒன்று.

2014-இல் அந்தக் கிணறு வறண்டது. மாநிலம் முழுக்கக் கடும் வறட்சி. முதலில் இருந்த ஆலோசனை நிறுவனம் குழாயில் தண்ணீர் நுழையும் சல்லடைப் பகுதியை 45 அடியோடு நிறுத்தியிருந்தது. தண்ணீரோ 49 அடிக்கு இறங்கிவிட்டது. மாதிரி எடுக்க வழியில்லை, தண்ணீர் ஏறும் வரை காத்திருப்போம் என்று எழுதினார்கள். காத்திருப்பதற்கும் பில் வந்தது.

ஆளை மாற்றினோம். புதிதாக வந்த நிலவியலாளர் அம்மா துளையிட்டு எடுத்த மண்ணை மேசைமேல் வரிசையாகப் பரப்பி, பெட்ரோல் ஆவியை அளக்கும் மோப்பக் கருவியை ஒவ்வோர் அடியாக நகர்த்திக் காட்டினார். மேலே சாதுவாக இருந்த எண், 36 அடியில் எகிறியது. 48 அடி வரை இறங்கவே இல்லை. பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் வருஷா வருஷம் ஏறி இறங்க, அதுவும் கூடவே ஏறி இறங்கி, குழம்பு வற்றிய சட்டியில் விளிம்பு பிடிப்பது போல மண்ணில் அப்பிக்கொள்ளும். தண்ணீர் மூடியிருந்தால் அந்த அப்பலை எடுப்பது கடினம். இப்போது வறட்சி அதை வெளியே காட்டிவிட்டது, இதுதான் சமயம், ஆவியாக உறிஞ்சிவிடலாம் என்றார். ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் மட்டும் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டோம். பாவம்தான்.

காற்று வாரியத்தின் அனுமதி வாங்கவே மாதங்கள் ஓடின. 2015 ஜூனில் வெற்றிட ஊதி ஓட ஆரம்பித்தது. உறிஞ்சிய ஆவியை முதலில் ஒரு உலையில் எரித்தார்கள். செறிவு குறைந்ததும் கரி நிரப்பிய பீப்பாய்களுக்கு மாற்றினார்கள். இரவெல்லாம் உறுமல். பின்வீட்டுக்காரர் புகார் சொல்ல, மரச்சுவர் எழுப்பினோம். பதினாறு மாதத்தில் வெளியே வந்த ஆவி சுமார் 5,000 பவுண்டு, ஏறக்குறைய 800 காலன் பெட்ரோல். பெரியவரிடம் சொன்னேன். அவ்வளவு காசையா மண்ணில் விட்டேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

2016-17 குளிர்காலத்தில் பேய் மழை. ஓரோவில் அணையின் வழிந்தோடி உடைந்து ஊர்களையே காலி செய்த வருஷம். எங்கள் தண்ணீர் 40 அடிக்கு ஏறியது. மூன்றாம் கிணற்றில் மாதிரி எடுத்த அன்று நானும் கூட நின்றேன். தேங்கிய நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாய் ஊறியதைச் சின்னக் குப்பியில் விளிம்பு ததும்ப நிரப்பினார்கள். குமிழி ஒன்று தங்கினாலும் பென்சீன் அதற்குள் ஏறிவிடுமாம். வீட்டில் என் மனைவி, "மூணாம் நம்பருக்கு ரிசல்ட் வந்துச்சா?" என்று மாமனாரின் சர்க்கரை அளவைக் கேட்பது போலத் தினமும் கேட்பாள். வந்தது: 620. அடுத்த ஆறு மாதத்தில் 380.

ஒன்றுக்கு வரவே இல்லை. வர வேண்டியதும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அபாயம் குறைவாக இருந்தால் கேஸை மூடிவிடலாம் என்று 2012-இல் மாநிலம் கொண்டுவந்த குறை அபாயக் கொள்கையில் ஒரு பிரிவு இப்படிச் சொல்கிறது: நிலத்தடி நீரில் பரவிய மாசுத் தடம் 250 அடிக்குள் அடங்கி நிற்க வேண்டும், மிதக்கும் பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆயிரம் அடிக்குள் குடிநீர்க் கிணறோ ஓடையோ கூடாது, பென்சீன் 3,000-க்குக் கீழே, பெட்ரோலில் ஒரு காலத்தில் கலந்த எம்டிபிஇ என்னும் சேர்மம் 1,000-க்குக் கீழே. எங்கள் தடம் 180 அடி. மிச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்லத் தின்று தீர்க்கும் என்று கணக்கு. மச்சானுக்கு இது ஒப்பவில்லை. "அழுக்கு உள்ள இருக்கும்போதே குளிச்சாச்சுன்னு எழுதிக் குடுக்கறாங்களா மாப்ள?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் 380-ஐ ஒன்றாக்க இன்னும் பத்து வருஷம் ஊதியை ஓட்டியிருக்கவும் மாட்டேன்.

அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு, கருத்துச் சொல்ல 60 நாள். யாரும் எழுதவில்லை, பின்வீட்டுக்காரர் உட்பட. கிணறுகளில் சிமெண்ட் கலவை செலுத்தி அடைத்தார்கள். 2018 அக்டோபரில் கேஸ் முடிந்தது என்ற முடிப்புக் கடிதம் வந்தது. அடியில் ஒரு பத்தி: மண்ணில் மிச்சம் உண்டு, நிலப் பயன்பாடு மாறினாலோ ஆழமாகத் தோண்டினாலோ கவுண்டிக்குச் சொல்லவும்.

சொல்லிவிட்டுத்தான் அடுத்த வசந்தத்தில் சமையலறையின் எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டிக்குக் குழி வெட்டினோம். ஏழடியில் வேலையாள் நிறுத்தினார். ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார், என்னைப் பார்த்தார். காரிலிருந்து கடிதத்தை எடுக்கப் போனேன்.