என் பாட்டி டூ கைண்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதியில், ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில், வாரத்தில் மூன்று மாலை ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். படிக்க வருபவர்களில் பாதிப்பேர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் இருப்பவர்கள். மீதிப்பேர், தோட்ட வீட்டை விட்டு டவுனை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். சென்ற மாதம் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி, தன் பாட்டியைப் பற்றிய கட்டுரையை 'மை கிராண்ட்மதர் இஸ் டூ கைண்ட்' என்று தொடங்கியிருந்தாள். வழக்கம்போல் 'டூ' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அது 'அளவுக்கு மீறிய' என்று பொருள்படும், இங்கே 'வெரி' போட வேண்டும் என்றேன். அவள் விடவில்லை. "பாட்டி அளவுக்கு மீறித்தானே சார் நல்லவங்க. பென்ஷன் காசைக் கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துட்டு, மாசக் கடைசியில எங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவாங்க" என்றாள்.

பாட்டியைப் பற்றி அவள் சொன்னதை நான் மறுக்க முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் 'டூ' என்று ஒரு பெயரடைக்கு முன்னால் வைத்துவிட்டால், அதனால் ஏதோ ஒன்று நடக்காமல் போகிறது அல்லது கெட்டுப்போகிறது என்ற குறிப்பும் கூடவே வந்துவிடுகிறது. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதை வாக்கியத்தில் சொன்னால்தான் கேட்பவர் குழம்பமாட்டார். ஆகவே 'டூ கைண்ட் டு ரிஃப்யூஸ் எனிஒன்' என்று நீட்டச் சொன்னேன். யாருக்கும் இல்லையென்று சொல்ல முடியாத அளவுக்கு நல்லவர் என்று இப்போது பொருள் கிடைத்தது. சிவப்பு வட்டத்தை நானே அடித்துவிட்டேன்.

இந்தத் தடுமாற்றத்தின் வேர் நம்முடைய 'ரொம்ப'வில் இருக்கிறது. அது 'நிரம்ப' என்ற சொல்லின் திரிபு. நிரம்புவதையும் நிரம்பி வழிவதையும் நாம் அந்த ஒரே சொல்லால் சொல்லிவிட்டு, வித்தியாசத்தைக் குரலிடம் ஒப்படைத்துவிடுகிறோம். 'தே தாரிக் ரொம்பச் சூடா இருக்கு' என்றால், அது ஆவி பறக்க அருமையாக இருக்கிறது என்றும் இருக்கலாம், நாக்கு வெந்துவிடும் என்றும் இருக்கலாம். ஆங்கிலக்காரரிடம் 'வெரி ஹாட்' என்ற தேநீரைக் குடித்துவிடலாம். 'டூ ஹாட்' என்ற தேநீருக்குக் காத்திருக்க வேண்டும்.

மலாய் மொழி இந்த இடத்தில் எனக்குப் பெரிய துணை. 'சாங்காட் பானாஸ்' என்றால் மிகவும் சூடு, 'தெர்லாலு பானாஸ்' என்றால் அளவு மீறிய சூடு. முதலாம் ஆண்டிலிருந்தே மலாய் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அதனால், எழுதுவதற்கு முன் அந்த வாக்கியத்தை மலாயில் ஒருமுறை சொல்லிப் பார், 'தெர்லாலு' வந்தால் 'டூ' போடு என்கிறேன். பாடநூல் மலாயை வைத்துத்தான் இது பலிக்கும். சந்தைப் பேச்சில் 'மஹால் சாங்காட்' என்று ஒருவர் முகம் சுளித்தால், அவர் சொல்வது 'டூ எக்ஸ்பென்சிவ்' என்பதுதான்.

'வெரி', 'டூ' போன்ற சொற்களுக்கு இலக்கணம் வைத்த பெயரே பிள்ளைகளைக் குழப்புகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'வினையடை' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அது வினையை விட்டுவிட்டுப் பெயரடையைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் என்றால், எந்தப் பிள்ளைதான் திகைக்காது? ஆங்கிலத்தின் 'அட்வெர்ப்' என்ற பெயரிலும் அதே 'வெர்ப்' உட்கார்ந்திருக்கிறது. மலாய் இலக்கணம் இத்தகைய சொற்களுக்குக் 'காத்தா பெங்குவாட்', அதாவது வலுவூட்டும் சொல், என்று தனிப்பெயரே வைத்து, முன்னால் நிற்பவை, பின்னால் நிற்பவை, இரு பக்கமும் நிற்பவை என்று பிரித்தும் வைத்திருக்கிறது. நம் நன்னூலோ சால, உறு, தவ, நனி, கூர், கழி என்ற ஆறையும் மிகுதியைக் காட்டும் உரிச்சொற்களாகக் கணக்கிடுகிறது. கோயில் திருவிழா மேடையில் யாரோ ஒருவர் 'சாலச் சிறந்தது' என்று முழங்கும்போது, அந்தச் 'சால' செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'வெரி' செய்கிறது.

எந்தச் சொல் எதைப் பிடித்திருக்கிறது என்று அறிய வகுப்பில் நாங்கள் செய்யும் சோதனை எளியது. நடுச்சொல்லை எடுத்துவிட்டு, முதல் சொல்லைப் பெயரோடு நேராக ஒட்டிப் பார்க்க வேண்டும். 'எ வெரி ஓல்ட் லாரி' என்பதில் 'ஓல்ட்' போனால் 'எ வெரி லாரி' என்று நிற்காது. ஆகவே 'வெரி' லாரியைச் சேர்ந்ததன்று, பழமையைச் சேர்ந்தது. 'எ பிக் ஓல்ட் லாரி' என்பதில் 'பிக்' நேராகவே லாரியைப் போய்ச் சேர்கிறது. 'லி' என்ற முடிவைப் பார்த்து வினையடை என்று முடிவுகட்டுவது இதைவிடச் சுலபம்தான், ஆனால் 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் பெயரடைகள், 'ஹார்ட்லி' வினையடைதான் என்றாலும் 'ஹார்ட்லி ஹாட்' என்றால் கிட்டத்தட்ட சூடே இல்லை என்று பொருள்.

ஒப்பிடும்போது 'வெரி' கைகொடுக்காது. 'வெரி பெட்டர்', 'வெரி பிக்கர்' என்று வாரம் தவறாமல் நான் பார்க்கிறேன். அங்கே 'மச்' அல்லது 'ஃபார்' வர வேண்டும். 'ஃபார் பிக்கர்' என்றால் தூரத்துக்கும் அளவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவன் கேட்டான். பின்வரிசையிலிருந்து இன்னொருவன் 'ஜாவு லெபே பெசார்' என்றான். மலாயிலும் அதே தூரம்தான்! அதற்குப் பிறகு எனக்கு விளக்க வேலை இருக்கவில்லை. 'இனஃப்' மட்டும் எந்தத் துணையும் இல்லாத பிள்ளை. மலாயில் 'சுக்குப் பெசார்', தமிழில் 'போதிய அளவு பெரியது' என்று இரண்டிலும் முன்னால் நிற்பது, ஆங்கிலத்தில் 'பிக் இனஃப்' என்று பின்னால் போய் நின்றுகொள்கிறது. அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏற்கெனவே நிரம்பிவிட்ட பெயரடைகள். ரப்பர் மரத்துப் பாலைப் பிடிக்கும் மங்கு விளிம்புவரை நிறைந்துவிட்ட பிறகு அதில் இன்னும் ஒரு கை ஊற்ற முடியாது. 'எக்ஸாஸ்டட்' என்ற சொல்லுக்குள் 'வெரி டயர்ட்' முழுவதும் அடங்கியிருக்கிறது. 'இனார்மஸ்' என்பதற்குள் 'வெரி பிக்' இருக்கிறது. இவற்றுக்கு முன் மீண்டும் 'வெரி' வைத்தால் காதுக்கு ஒவ்வாது. 'அப்ஸொலூட்லி எக்ஸாஸ்டட்' என்பார்கள், ஏனென்றால் 'அப்ஸொலூட்லி' மங்கில் மேலும் ஊற்றுவதில்லை, மங்கு நிறைந்துவிட்டது என்று சத்தியம் செய்கிறது. உண்மையில் 'வெரி'யும் ஒரு காலத்தில் சத்தியம் செய்த சொல்தான். 'உண்மையான' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, உண்மை தேய்ந்து, வெறும் மிகுதியாக நின்றுவிட்டது. அச்சத்தைக் குறித்த 'ஆஃபுல்', 'டெரிபிள்' ஆகியவற்றிலிருந்து பிறந்த 'ஆஃபுலி நைஸ்', 'டெரிப்லி குட்' கதியும் அதுவே. இதைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. முனியாண்டி சாமிக்குப் படைத்த ஆட்டுக்கறியை 'பயங்கர டேஸ்ட்' என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை பரிமாறச் சொல்பவர்கள் நாம்.

மிகவும் வழுக்கலான சொல் 'குவைட்'. நிரம்பிய பெயரடையோடு சேர்ந்தால் அது முழுமையைக் காட்டும். 'குவைட் இம்பாசிபிள்' என்றால் முற்றிலும் முடியாதது. 'குட்' போன்ற, கூடவும் குறையவும் கூடிய பெயரடையோடு சேர்ந்தால், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பாராட்டைச் சற்றுக் குறைத்துவிடும். ஓரளவு நன்று, அவ்வளவுதான். அமெரிக்கர்களோ அதே சொல்லைப் பாராட்டைக் கூட்டவே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

இதை நான் கல்லூரியில் படித்தபோது தாத்தாவின் நினைவு வந்தது. அவர் ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். மாதக் கடைசியில் செக்ரோலை (தொழிலாளர் பதிவேட்டை) சரிபார்த்த வெள்ளைக்காரத் துரை, ஒரே ஒருமுறை, 'குவைட் குட்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். எந்த விருந்தாளி வந்தாலும் தாத்தா இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். விடுமுறைக்கு வந்திருந்த நான், படித்த திமிரில், அது பெரிய பாராட்டில்லை தாத்தா, சுமார் என்றுதான் பொருள் என்று விளக்கினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது தெரியும்யா. அந்த ஆளு வாயில அதுக்கு மேல வராது."