இத்தாலியில் சுவர் பார்க்கப் போன கதை

பதுவை நகரில், சுவரோவியங்களுக்குப் பேர்போன ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்துக்குள் ஒரு நேரத்தில் 25 பேர்தான் போக முடியும். அதுவும் நேராகப் போய்விட முடியாது. முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள், நம்மோடு வந்த ஈரமும் தூசியும் அடங்கட்டும் என்று. அப்புறம் உள்ளே ஒரு கால் மணி நேரம். முடிந்ததும் வெளியே. பஸ் நிறைய ஆட்களோடு வந்தால் பாதிப் பேர் உள்ளே போக, மீதிப் பேர் தோட்டத்தில் நிற்க வேண்டியதுதான். பெரிய டூர்கள் பதுவை என்றால் அந்தோணியார் பேராலயத்தை மட்டும் காட்டிவிட்டு வெனிஸுக்கு வண்டியைத் திருப்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் சேர்ந்தது பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்காத டூர். ஒரு மினி வேன், ஒரு டிரைவர், கலை வரலாறு படித்த ஒரு கைடு. பஸ் டூரைவிடச் செலவு நன்றாகவே அதிகம், அதை மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பது அந்தக் கண்ணாடி அறையிலேயே புரிந்துவிட்டது. சொல்ல வேண்டியதையெல்லாம் கைடு அங்கேயே சொல்லி முடித்துவிட்டார். "உள்ளே போனதும் நான் வாயைத் திறக்க மாட்டேன், நீங்களும் போனை எடுக்காதீர்கள், கண்ணுக்கு மட்டும் வேலை கொடுங்கள்" என்றார். சொன்னபடியே பேசவில்லை. நல்ல கைடுக்கு எப்போது பேசக் கூடாது என்று தெரிந்திருக்கிறது!

அவர் சொன்ன கதை இது. இந்த ஆலயத்தைக் கட்டிய என்ரிக்கோ ஸ்க்ரோவெஞ்ஞியின் அப்பா பெரிய வட்டிக்காரர், கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் வட்டிக்காரர்களோடு உட்கார வைத்திருக்கிறார். மகன், ஓவியர் ஜியோத்தோவை அழைத்து வந்து, ஏறக்குறைய 1303 முதல் 1305 வரை நான்கு சுவரும் நிரம்ப வரைய வைத்தார். வாசல் பக்கச் சுவரில் இறுதித் தீர்ப்பு. அதில் என்ரிக்கோ முழங்காலிட்டு இந்த ஆலயத்தின் சிறு வடிவத்தை மாதாவுக்குக் கொடுக்கிறார். அதே சுவரில் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், பணப்பையோடு தொங்கிக்கொண்டிருக்கும் வட்டிக்காரர்கள். வட்டிக்காரர் மகன் தன் காசிலேயே இதை வரைய வைத்திருக்கிறார் என்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அங்கே சிரிக்க முடியாது. யூதாஸ் முத்தமிடும் காட்சியில் அவனுடைய மஞ்சள் மேலாடை இயேசுவை அப்படியே மூடிவிடுகிறது, சுற்றிலும் ஈட்டியும் தீவட்டியுமாக அமளி, நடுவில் இரண்டு முகங்கள் மட்டும் அசையாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. கால் மணி நேரத்தில் பெரும்பகுதியை நான் அங்கேயே செலவழித்தேன்.

இந்த மாதிரி டூருக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டால் என் பதில், சுவர். பலகையில் வரைந்த படம் எங்கு வேண்டுமானாலும் போய்விடும். சியெனாவில் துச்சோ வரைந்த பெரிய பலிபீட ஓவியத்தை 1311 ஜூன் 9 அன்று ஊரே கூடி ஊர்வலமாகப் பேராலயத்துக்கு எடுத்துப் போனார்கள். 1771இல் அதை அறுத்துப் பிரித்தார்கள். பெரும்பகுதி சியெனாவில் இருந்தாலும், சில துண்டுகள் இன்று லண்டனிலும் வாஷிங்டனிலும் இருக்கின்றன. சுவரோவியத்துக்கு அந்த வேலை சுலபத்தில் நடக்காது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணத்தைத் தீட்டுகிறார்கள், காயும்போது வண்ணம் சுவரோடு சுவராகிவிடுகிறது. ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூசுவார்கள், அதனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு நாள் வேலை எங்கே முடிந்து மறுநாள் வேலை எங்கே தொடங்கியது என்ற ஒட்டுக்கோடு தெரியும். அதைக் கைடு விரலை நீட்டிக் காட்ட முடிந்தது, நாங்கள் பன்னிரண்டு பேர் என்பதால். பஸ் டூரில் காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பவருக்கு இது கிடைக்காது.

ரவென்னாவில் மொசைக், அதாவது சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளைச் சுவரில் பதித்துச் செய்த படங்கள். வெளியே இருந்து பார்த்தால் ரோமப் பேரரசி கல்லா பிளாசிதியாவின் நினைவு மண்டபம் சாதாரணச் செங்கல் கட்டடம், உள்ளே தலைக்கு மேல் கருநீல வானமும் தங்க நட்சத்திரங்களும். 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விதாலே ஆலயம் அதே வளாகத்தில் இருக்கிறது. அங்கே மொசைக்கில் பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் பரிவாரத்தோடு நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள், ஆனால் இருவரும் ரவென்னாவில் கால் வைத்ததே இல்லையாம்.

பயணத்தின் உயிர் எனக்கு அரெத்ஸோ பக்கம்தான். அங்கே சான் பிரான்செஸ்கோ ஆலயத்தில் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த திருச்சிலுவைக் கதை இருக்கிறது. நேரம் குறித்து முன்பதிவு செய்துதான் போக வேண்டும். கூடாரத்துக்குள் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தூங்குகிறார், மேலிருந்து தேவதை இறங்குகிறது, இருட்டில் அந்த ஒளி மட்டும். மேற்கத்திய ஓவியத்தின் ஆரம்பகால இரவுக் காட்சிகளில் ஒன்று இது.

அங்கிருந்து பியெரோ பிறந்த சான்செபோல்க்ரோ. நகர அருங்காட்சியகத்தில் அவருடைய 'உயிர்ப்பு' ஓவியம். நான்கு காவலர்கள் தூங்க, கல்லறை விளிம்பில் ஒரு காலை ஊன்றிக் கிறிஸ்து எழுந்து நிற்கிறார். ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி ஒரு கட்டுரையில் இதை உலகத்திலேயே சிறந்த படம் என்று எழுதினார். 1944இல் இந்த ஊர் மீது பீரங்கிக் குண்டு வீசிக்கொண்டிருந்த ஆங்கிலேய அதிகாரி டோனி கிளார்க்குக்கு அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்து, சுடுவதை நிறுத்தினார் என்பது வரலாறு. ஊரில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. நாங்கள் போன மதிய நேரத்தில் அந்த அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. புளோரன்ஸில் உஃபிஸி அருங்காட்சியக வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சுவர் நகராது என்றேன், பக்கத்து மோந்தெர்கியில் அதற்கும் விதிவிலக்கு உண்டு. பியெரோவின் 'கர்ப்பிணி மாதா' ஓவியத்தைக் கல்லறைச் சிற்றாலயச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்து, இப்போது பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அங்கே டிக்கெட் கிடையாது.

சரி, குறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மதிய உணவு என்று ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். சாப்பாடு நன்றாகவே இருந்தது, ஆனால் அதன் பிறகு ஆலிவ் எண்ணெய் விற்பனைப் பேச்சு முடிவதாக இல்லை. அன்று சான் ஜிமிஞ்ஞானோவுக்குக் கிடைத்தது அவசர அவசரமாக ஒரு சுற்று மட்டுமே. ஒரு காலத்தில் எழுபதுக்கும் மேல் இருந்த கோபுரங்களில் மிச்சமிருக்கும் பதினான்கை அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டி ஏறினோம். பணம் கட்டுவதற்கு முன் இப்படிப்பட்ட நிறுத்தங்கள் எத்தனை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டலில் தங்குபவர்களிடம் வாங்கும் நகர வரி டூர் கட்டணத்தில் சேருமா என்றும் கேளுங்கள், பல இடங்களில் அதைத் தனியாக ஓட்டலில் கட்டச் சொல்வார்கள்.

சியெனாவில் அரை நாள் போதவே போதாது. நகர மன்றத்தில், ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழு கூடிய அறையில், அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338-39இல் வரைந்த நல்லாட்சியும் கொடுங்கோலாட்சியும். நம்மிடம் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக இருப்பதுபோல இங்கே இரண்டும் எதிரெதிர்ச் சுவர்கள். நல்லாட்சி ஊரில் செருப்புக் கடை, பாடம் நடத்தும் ஆசிரியர், கூரை மேல் கொத்தனார்கள், கைகோத்து ஆடுபவர்கள். கெட்ட ஆட்சிப் பக்கம் சுவர் பெரிதும் சிதைந்து கிடக்கிறது. ஆட்சியில் இருப்பவர் தலையைத் தூக்கினால் இதைத்தான் பார்த்தாக வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்களே, அந்த யோசனை யாருக்கு வந்ததோ! ஓவியரின் கதை சோகம். 1348 கொள்ளைநோயில் அவரும் போனார் என்கிறார்கள். அதே கொள்ளைநோயில் நின்றுபோன பேராலய விரிவாக்கத்தின் மொட்டைச் சுவர் இன்னும் பக்கத்தில் நிற்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய ஊர்களுக்குள் வெளி வண்டிகளை விட மாட்டார்கள், வேன் மதில் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும், கல் பாவிய மேட்டில் பெட்டியை நாமேதான் இழுக்க வேண்டும். பெட்டி சின்னதாக இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பல ஆலயங்கள் மதியம் பூட்டியிருக்கும், பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. சில இடங்களில் காசு போட்டால்தான் படத்துக்கு விளக்கு எரியும், கையில் சில்லறை வைத்திருங்கள்.

கடைசி நிறுத்தம் ஓர்வியெத்தோ. பேராலயத்தில் சிஞ்ஞொரெல்லி வரைந்த உலக முடிவைப் பார்த்தால் தூக்கம் கெடும். அப்புறம் சான் பத்ரீசியோ கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே ஓடிவந்த போப் ஏழாம் கிளமென்ட் வெட்டச் சொன்னது. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இறங்க ஒரு பாதை, ஏற இன்னொரு பாதை என்று இரண்டு சுழல்கள். 248 படி இறங்கி, அதே அளவு ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் மேலேயே காபி குடித்துக்கொண்டு காத்திருக்கலாம், எங்கள் குழுவில் நான்கு பேர் அதைத்தான் செய்தார்கள்.